முதல் வரிசை

பத்து இருபதுக்கே உலகம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு நேர்காணல் பத்தே முக்காலுக்குத்தான். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் கிடக்கிறது, அதற்குள் என்ன பரபரப்பு என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டினாள்; அதட்டல் எடுபடவில்லை. திரையில் பதினாலாம் பெட்டியின் கோடு பல் உடைந்த சீப்பு மாதிரி மேலும் கீழும் குத்திக்கொண்டிருந்தது. பதினாலாம் பெட்டி என்பது மேலகரத்தில் ஒரு கம்பத்தில் தொங்கும் சாம்பல் நிறப் பெட்டி. தென்காசி நெட் ஆபீஸிலிருந்து போகும் ஒற்றைக் கண்ணாடி நார் அதற்குள் நுழைந்து அறுபத்துநாலாகப் பிரிந்து அறுபத்துநாலு வீட்டுக்குப் போகிறது. அதில் முப்பத்தெட்டாவது அவள் வீடு. அந்த வீட்டு முன்னறையில் இந்நேரம் செண்பகம் அக்கா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள். அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள் என்று அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் ஆசிரியை வேலை. வயது வரம்பு முப்பத்தைந்து. அக்காவுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இது போனால் இனி விண்ணப்பமே போட முடியாது. அக்காவுக்கும் காது கேட்காது. மூன்று பேர் கேள்வி கேட்பார்கள், ஒரு அம்மாள் அதைச் சைகையில் சொல்வாள், அக்கா சைகையில் பதில் சொல்வாள், அந்த அம்மாள் அதை அவர்களுக்கு வாயால் சொல்வாள். படம் நின்றால் பேச்சு நின்றது. நேற்றுச் சாயங்காலம் ஒத்திகை பார்த்துவிட்டு அக்கா அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருந்தது: "படம் நிக்குது. கை பாதி. நாளைக்கும் இப்படி?" அதற்குக் கீழே உலகம்மாள் அடித்திருந்தாள்: "நிக்காது. நான் ஆபீஸ்ல இருப்பேன்லா." எந்தத் தைரியத்தில் அடித்தாளோ.

ஊரில் யாரைக் கேட்டாலும் நெட் என்றால் ஏதோ குழாயில் தண்ணீர் வருவது மாதிரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருவதில் தகராறே இல்லை. ஆபீஸிலிருந்து போகிற வெளிச்சம் அறுபத்துநாலு வீட்டுக்கும் ஒன்றாகப் போகும், அவரவர் பெயர் போட்டதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். வம்பெல்லாம் வீட்டிலிருந்து ஆபீஸுக்குத் திரும்பி வருவதில்தான். இரண்டு வீடு ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரண்டும் பாழ். அதனால் ஆபீஸ் பெட்டி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது, சரி, இந்தா உனக்கு இவ்வளவு நேரம், அடுத்து நீ வா என்று முறை வைத்துக்கொண்டே இருக்கும், ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதற்கு மூன்று வரிசை உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றையும் உட்கார்ந்து எழுதியவள் உலகம்மாள்தான். முதல் வரிசை போனுக்கும், கடைகளில் கார்டு தேய்க்கிற மெஷினுக்கும்; அதற்குக் கேட்காமலே முறை வரும், காத்திருப்பே கிடையாது. இரண்டாவது, இவ்வளவு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த வீடுகளுக்கு. மூன்றாவது, மிச்சம் மீதிக்கு. எழுதி முடித்த அன்றைக்கு என்ன பெருமை! ஆறே மாதத்தில் அந்த இரண்டாம் வரிசை சிபாரிசு வரிசையாகிவிட்டது. வக்கீல் வீடு, கவுன்சிலர் மச்சினன் வீடு, முதலாளி அண்ணாச்சியின் சம்பந்தி வீடு, ரிட்டயர்டு தாசில்தார் வீடு. பதினாலாம் பெட்டியில் இனி ஒரு பெயரைச் சேர்த்தால் 'இடமில்லை' என்று சிவப்பில் காட்டும். அதிலும் அந்தத் தாசில்தார் தன் மகளைப் பார்க்க அமெரிக்கா போய் நாலு மாசமாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, மோடம் மட்டும் எரிகிறது. ஆபீஸ் பெட்டி நல்ல பெட்டியாக இருந்தால் ஆள் வராத முறையைப் பிறத்தியாருக்குக் கொடுத்துவிடும். அண்ணாச்சி எங்கேயோ மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்த இந்தப் பழைய பெட்டிக்கு அந்தப் புத்தி பாதிதான் உண்டு. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு ஆள் ஏறாமலே போன மாதிரி தாசில்தாரின் முறை ஒவ்வொரு சுற்றிலும் காலியாகவே போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெறும் முறை, வெறும் முறை, வெறும் முறை.

பத்து இருபத்தொன்பது. மூன்றாம் வரிசையில் யார் இப்படி அடைக்கிறார்கள் என்று பார்த்தாள். தெரிந்ததுதான், கல்யாண வீடியோ ஸ்டுடியோ. முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று மொத்தத்தையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவனும் மூன்றாம் வரிசை, அக்காவும் மூன்றாம் வரிசை. அவன் ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டை வைத்துக்கொண்டு நிற்கிறான், அக்கா கையளவு வைத்துக்கொண்டு நிற்கிறாள். கையளவு. உலகம்மாளுக்குச் சட்டென்று டார்ச் லைட் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கரண்ட் போனால் வீட்டில் எல்லாரும் இருட்டிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், அக்காவின் பேச்சு மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்தது எதையோ விழுந்து விழுந்து சொல்லிக்கொண்டிருப்பாள், பட்டென்று இருட்டு. உலகம்மாள் தடவித் தடவி டார்ச்சை எடுத்து அக்காவின் கைமேல் அடிப்பாள். விட்ட இடத்திலிருந்து கை மறுபடி தொடங்கும். ஒரு தடவை சண்டையில், வேண்டுமென்றே டார்ச்சை அணைத்துவிட்டாள். அக்கா நியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், பதில் சொல்ல வழியில்லை, அணைத்துவிட்டாள். இருட்டில் அக்கா திட்டிக்கொண்டே இருந்தாளா, நிறுத்திவிட்டாளா என்று இன்றுவரை தெரியாது. கேட்டதில்லை. இப்போது எதற்கு அது? இப்போது நான் அணைக்கவில்லை, அந்த ஸ்டுடியோக்காரன் அணைக்கிறான், அந்தத் தாசில்தார் அணைக்கிறார், இந்த ஓட்டைப் பெட்டி அணைக்கிறது. ஆபீஸுக்கு வந்துவிடு, இங்கே வைத்து முடித்துவிடலாம் என்று கெஞ்சியாகிவிட்டது. மாட்டேன் என்றுவிட்டாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து கையை அசைத்தால் பில் கட்ட வருகிறவனெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பான் என்றாள். பார்ப்பான்தான். போன் சிக்னலை நம்பலாம் என்றால் மேலகரத்து வீட்டுக்குள் அது வந்துபோவதே தெரியாது. போன வருஷம் ஒரு கம்பெனியில் நேரில் கூப்பிட்டு, பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கேள்வியையெல்லாம் கூட வந்த அம்மாவிடம் கேட்டார்களாம். பொண்ணு அனுசரிச்சுப் போகுமா என்று கேட்டார்களாம். அக்கா அந்தப் பேப்பரில் பெரிதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

பத்து முப்பத்தாறுக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். பொன்னுத்துரை அண்ணாச்சிதான் முதலாளி. இரண்டாம் வரிசையில் ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஒரு தடவை கேட்காமல் எடுத்து, அந்த வக்கீல் வந்து ஆடின ஆட்டத்தை இந்த ஆபீஸ் சுவரெல்லாம் சொல்லும். ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தார், பின்னால் மேளச் சத்தம், எங்கேயோ விசேஷ வீடு. "அண்ணாச்சி, தாசில்தார் சாரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கீழ இறக்கிக்கிடட்டுமா? அவாள் ஊர்லயே இல்லல்லா." "எதுக்கும்மா?" சொன்னாள். வேகமாகச் சொன்னாள், பாதி அவருக்குக் கேட்டிருக்காது. "உங்க அக்காவுக்கா? ஏ அப்பா, நல்ல காரியம்லா. ஆனா ஸ்டாஃப் வீட்டுக்கு மேல் வரிசை கெடயாதுன்னு எழுதி ஒட்டுனது யாரும்மா? நீதான? நா இல்லம்மா. அன்னைக்கு நம்ம ஆபீஸ்ல இருக்க எம் மருமகனுக்குக் கேட்டப்ப அந்தப் பேப்பரத்தான காட்டுன." "அண்ணாச்சி, இது ஒரு மணி நேரம்..." "அதுக்கில்லம்மா. தாசில்தார் அங்க அமெரிக்காவுல இருந்து அப்பப்ப கேமராவுல வீட்டப் பாத்துக்கிட்டுதான் இருக்காரு. ஒரு நிமிசம் நின்னாலும் எனக்கில்லா போன் வரும். வேற என்னமும் பாத்துச் செய்யி. நீ செய்வ, எனக்குத் தெரியும்." வைத்துவிட்டார். நீ செய்வ, எனக்குத் தெரியும்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஐந்து வருஷமாக ஒரே இன்ஜினியரை வைத்து ஒரு ஊரையே ஓட்டுகிறார். உலகம்மாள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அவள் கையெழுத்துப் போட்ட பேப்பர் செல்லோடேப் மஞ்சளாகிப் போய் அங்கேயே இருந்தது. எவ்வளவு ரோஷமாக எழுதியிருக்கிறாள், 'எக்காரணம் கொண்டும்' என்று ஒரு வார்த்தை வேறு. கிழித்துப்போட்டால் என்ன? யார் கேட்பது? யாரும் கேட்கமாட்டார்கள், அதுதான் கிழிக்கவும் முடியவில்லை. நேர்மையாக இருக்கிறோம் என்று நினைத்து எழுதினாள். இன்றைக்கு அது அக்காவின் தலையில் விடிகிறது.

பத்து நாற்பத்தொன்று. லைன்மேன் செய்யது பாய் நாலாம் பெட்டிப் பக்கம் கம்பத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும் கூப்பிட்டாள். "பாய், மேலகரம் ஸ்டுடியோ வரைக்கும் போகணும், அரை மணி நேரம் நிப்பாட்டி வைக்கச் சொல்லணும்." "அப்பமே போன் போட்டுட்டேன் தங்கச்சி, நீங்க காலையில சொன்னீங்கல்லா. அந்தாளு மாட்டேங்கான். பொண்ணோட அப்பா சிங்கப்பூர் பிளைட்டு ஏறுதுக்குள்ள அனுப்பியாவணுமாம். நெட்டுக்குக் காசு குடுக்கேன், ஒங்க வீட்டுக்காக நா எதுக்கு நிப்பாட்டணும்ங்கான்." அவன் கேட்பது நியாயம்தான். நியாயமாகக் கேட்கிறவன்மேல் வருகிற கோபம்தான் இருப்பதிலேயே மோசமான கோபம், எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றே தெரியாது. செய்யது பாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், வேணும்னா நேர்ல போயிப் பாக்கட்டா என்று. போய்ச் சேரவே இருபது நிமிஷமாகும். வேண்டாம் பாய் என்று வைத்துவிட்டாள். பத்து நாற்பத்தைந்து. முப்பத்தெட்டாம் வீட்டின் கோடு எழுந்தது. ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்த கோடு உடனே ஒடிந்தது, எழுந்தது, ஒடிந்தது. அக்கா வணக்கம் சொல்லியிருப்பாள். கும்பிட்ட கை அங்கே கும்பிட்டபடியே நின்றிருக்கும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காத்திருப்பு முந்நூறு, நானூறு, எழுநூறு என்று எண் ஏறிக்கொண்டே போனது. உலகம்மாள் இரண்டாம் வரிசையில் முப்பத்தெட்டைப் போட்டுப் பார்த்தாள், இடமில்லை என்று தெரிந்தே போட்டாள். இடமில்லை. மறுபடி போட்டாள். இடமில்லை. தாசில்தாரின் வெறும் முறை ஒன்று அப்போதும் நிதானமாகக் கடந்து போனது. போடா போ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

முதல் வரிசையில் இடம் இருந்தது. அது எப்போதும் இருக்கும். யாரும் அதைக் கேட்டு வருவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே சிபாரிசுக்காரர்களுக்குத் தெரியாது. அங்கே சேர்ந்துவிட்டால் ஸ்டுடியோ என்ன, தாசில்தார் என்ன, எல்லாரும் பின்னால்தான். சுற்றுக்கு ஒரு முறை கட்டாயம் வரும், கேட்கவே வேண்டாம். அண்ணாச்சி இரண்டாம் வரிசையைத்தானே தொடக்கூடாது என்றார்? பேப்பரில் 'மேல் வரிசை' என்று இருக்கிறது, அது இரண்டையும்தான் குறிக்கும், எழுதியவளுக்குத் தெரியாதா. தெரியும். பத்து ஐம்பத்திரண்டு. ஏழு நிமிஷம் போய்விட்டது, ஏழு நிமிஷத்தில் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். ஒரு வரிதான் அடிக்க வேண்டும். அடித்தாள். அவசரத்தில் முப்பத்தெட்டை எண்பத்துமூன்று என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து, என்டரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பச்சை. காத்திருப்பு பூஜ்யம். இழப்பு பூஜ்யம். கோடு ஒடியவில்லை, நடுங்கவில்லை, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அடச்சே, இதை முதலிலேயே செய்திருக்கலாமே, அண்ணாச்சியிடம் பல்லைக் காட்டியிருக்க வேண்டாமே. ஒரு பெருமூச்சு வந்தது, கூடவே கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. தப்புத்தான், இருக்கட்டும், சாயங்காலம் நானே அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவேன், பேப்பரையும் நானே கிழித்துவிடுவேன். அக்கா இப்போது பேசிக்கொண்டிருப்பாள். அவள் பேசினால் தோள்வரை பேசும், புருவம் பேசும், கேள்வியை உதட்டைக் குவித்துக் கேட்பாள், கம்ப்யூட்டர் பாடம் என்றால் விரல் பத்தும் பறக்கும். அந்தச் சைகை அம்மாளே திணறிப்போவாள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லு தாயே என்பாள். கோடு அப்படியே இருந்தது. அக்கா கையை வீசினால் படம் மாறும், படம் மாறினால் அனுப்ப வேண்டியது கூடும், கோடு கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டும். இது ஏன் ஏறவே இல்லை? சும்மா இரு, பச்சையாகத்தானே இருக்கிறது, உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். நேராக இருந்தாலும் குறை, கோணலாக இருந்தாலும் குறை. ஆனால் ஒரு மயிரிழைகூட ஏறவில்லையே. மேஜை போன் அடித்தது. வாய்க்கால் பாலத்திலிருந்து யாரோ, மோடத்தில் சிவப்பு எரிகிறதாம், அணைத்துப் போடுங்கள் என்றாள், அணைத்துப் போட்டேன் என்றார், ஒயரைப் பாருங்கள் என்றாள், எந்த ஒயர் என்றார், மஞ்சள் ஒயர் என்றாள், மஞ்சளாக எதுவுமே இல்லையே என்றார். அவரோடு ஒயர் தேடி முடித்து நிமிர்ந்தபோது பதினொன்று பதினைந்து. முப்பத்தெட்டாம் வீட்டின் கோடு தரையில் கிடந்தது. முடிந்துவிட்டது.

போனில் செய்தி வந்து நாலு நிமிஷமாகியிருந்தது. "முடிஞ்சது. நான் அஞ்சு பதில். அவங்க பாத்தது கை ஒரே இடத்துல. சவுண்ட் கிளியரா வருது, நெட் நல்லா இருக்கு, பதில் சொல்லுங்கன்னு எழுதினாங்க. நாலு தடவை எழுதினாங்க. நான் பதில் தெரியாம நிக்கிறேன்னு நினைச்சாங்க." உலகம்மாள் அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. முதல் வரிசையின் விதியைத் திறந்தாள். ஐந்து வருஷமாகத் திறக்காத பக்கம். சுற்றுக்கு ஒரு முறை, கட்டாயம். அதன் அளவு, ஒரு ஆள் போனில் பேசுகிற அளவு. அதற்குமேல் ஒரு துளிகூட ஏறக்கூடாது. அந்தக் கடைசி வரி முதலில் கிடையாது. ஒரு பெட்ரோல் பங்குக்காரர் கார்டு மெஷின் லைனில் சினிமா ஏற்றுகிறார் என்று தெரிந்து, ஆத்திரத்தில் அவளே ஒரு நாள் சேர்த்தது, ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்துகூட இருந்தது. மனிதர்கள் பேசுவது அறுபடக்கூடாது, படம் கொஞ்சம் நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று பலகையில் எழுதி அண்ணாச்சிக்கு விளக்கியது ஞாபகம் வந்தது. அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் விளக்கினாள்! வழி குறுகியதும் அந்த வீடியோ ஆப்பும் அதே பாடத்தைத்தான் செய்திருக்கிறது, படத்தைக் கீழே போட்டுவிட்டுச் சத்தத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மூன்றாம் வரிசையிலேயே விட்டிருந்தால் பாதிக் கையாவது போயிருக்கும். பாதிக் கையை வைத்து அந்த அம்மாள் பாதியாவது சொல்லியிருப்பாள். அதையும் நான்தான் மிச்சம் வைக்காமல் எடுத்தேன், பச்சையைப் பார்த்துக் கண்ணீர் வேறு விட்டேன். அவளுக்குத் தலையை எதிலாவது கொண்டுபோய் முட்ட வேண்டும்போல இருந்தது. முட்டுவதற்குள் போன் அதிர்ந்தது, அக்கா, வீடியோ. முப்பத்தெட்டை இன்னும் முதல் வரிசையிலிருந்து எடுக்கவில்லை என்பது போனை எடுத்த பிறகுதான் உறைத்தது. திரையில் அக்காவின் முகம், கலைந்து, கட்டம் கட்டமாக நின்றிருந்தது. வலது கை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி, எந்த வார்த்தையின் பாதி என்று தெரியாமல் நின்றிருந்தது. ஆனால் போனிலிருந்து கண்ணாடி வளையல்கள் மோதுகிற சத்தம் வந்தது. சடசடவென்று, நின்று, மறுபடி சடசடவென்று. அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள், வேகமாக, கோபமாக, ஒவ்வொன்றாக, ஐந்து பதிலையும் சொல்லிக் காட்டுகிறாளோ என்னவோ. ஒரு வளையல் சத்தம்கூட அறுபடவில்லை. இடையில் மூச்சு வாங்குவதும் மூக்கை உறிஞ்சுவதும்கூடத் தெளிவாகக் கேட்டது. உலகம்மாள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீபோர்டைத் தேடினாள், எண்ணை அடிக்க ஒரு கை போதவில்லை, அக்காவிடம் பேச ஒரு கை போதவில்லை. "அக்கா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். அது ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் போய்ச் சேர்ந்தது.